கோட்டின் மேல் நிற்பதும் கீழே இறங்குவதும்

கன்னடத்தில் 'ஸ்த்ரீ' என்ற சொல்லை எழுத, ஓர் எழுத்து கொஞ்சம் தாராளமாக உட்காரும் அளவு இடம் போதும். வரிக்கோட்டின் மேல் 'ஸ' நிற்கும். அதன் தலையில் இகரக் குறியின் சுழி ஒட்டிக்கொள்ளும். 'த'வும் 'ர'வும் தங்கள் முழு உருவை விட்டு, சிறுத்து, கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இகரத்தை ஈகாரமாக நீட்டும் குறி எல்லாவற்றுக்கும் வலப்பக்கம் வந்து முடித்து வைக்கும்.

படிப்பவருக்கு இது ஓர் அசை. கணினியின் நினைவிலோ இது ஆறு குறியீடுகளின் வரிசை: ஸ, விராமம் (உயிரொலியை நீக்கும் குறி), த, விராமம், ர, ஈகாரக் குறி. இந்த வரிசையைத் திரையில் காட்டும்போது, கடைசியில் வந்த ஈகாரக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முதலில் நிற்கும் 'ஸ'வின் தலையில் ஏற்ற வேண்டும். மறு பாதியைக் கடைசியில் வைக்க வேண்டும். இடையில் உள்ள இரண்டு மெய்களையும் கீழே இறக்க வேண்டும். பெங்களூருவில் அச்சாகும் எந்தக் கன்னட நாளிதழை எடுத்தாலும், வரிக்கு வரி மென்பொருள் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

டோக்கியோவில் ஒரு நாளிதழின் பக்கத்தை அமைப்பவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவருடைய சிக்கல் வேறு. எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அரிய எழுத்துக்குப் பக்கத்தில் அதன் உச்சரிப்பு பொடியாக வர வேண்டும், செங்குத்து வரிக்கு நடுவே '12' என்ற எண் மட்டும் படுக்கையாக அமர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அவருடைய மென்பொருளில் தனித்தனிக் கட்டளைகள் உண்டு.

ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துப் பிறந்த பக்க வடிவமைப்பு மென்பொருள், ஜப்பானிய எழுத்துக்கு வளைந்துகொடுத்தது எப்படி? கன்னடமும் தமிழும் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது ஏன்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எழுத்தின் அறிவியல் விளங்கும்.

ஈயம் விட்டுச் சென்ற பெட்டி

ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் உலோகக் கட்டையின் முகத்தில் இருக்கும். கட்டைகளை இடமிருந்து வலமாக அடுக்கினால் வரி. வரிகளை மேலிருந்து கீழாக அடுக்கினால் பக்கம். ரோமன் எழுத்துக்கு இந்த ஏற்பாடு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. எழுத்துகள் 26, பெரியதும் சிறியதுமாக 52. எல்லாம் ஒரே கோட்டில் நிற்பவை. பக்கத்து எழுத்தால் உருவம் மாறாதவை.

1985இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை வெளியிட்டபோது ஈயம் போயிற்று, பெட்டி மட்டும் தங்கிவிட்டது. ஒரு குறியீடு, ஓர் உருவம், ஓர் அகலம். வைத்துவிட்டு வலப்பக்கம் நகர வேண்டியதுதான். ஒரு ஃபான்ட்டுக்குள் எட்டு பிட் கணக்கில் 256 இடங்கள். அவற்றிலும் சில கணினியின் சொந்த உபயோகத்துக்குப் போய்விடும். ஆங்கிலத்துக்கு இது ஏராளம். உலகின் மற்ற எழுத்துமுறைகள் இந்தப் பெட்டியோடு எப்படி மல்லுக்கட்டின என்பதுதான் அடுத்த முப்பது ஆண்டுகளின் கதை.

சதுரத்தின் ஒழுக்கம்

சீன எழுத்தும் அதிலிருந்து ஜப்பான் எடுத்துக்கொண்ட காஞ்சியும் சதுரத்துக்குள் அமைபவை. ஒரே கோடு கொண்ட எழுத்தானாலும் இருபது கோடுகள் கொண்ட எழுத்தானாலும் இடம் ஒன்றுதான். பந்தியில் விரித்த இலைகளைப்போல எல்லோருக்கும் சம இடம். அதனால் ஜப்பானிய வடிவமைப்பாளர் பக்கத்தை அங்குலத்தில் கணக்கிடுவதில்லை. வரிக்கு எத்தனை எழுத்து, பக்கத்துக்கு எத்தனை வரி என்று கணக்கிடுகிறார். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் ஜப்பானியப் பதிப்பு 2001இல் வந்தது. கட்டம் போட்ட தாள்போல ஒரு சட்டகத்தைத் திரையில் விரித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பும் வசதி அதில் இருக்கிறது.

சதுரம் எளிமையானதுபோலத் தோன்றும். உள்ளே போனால் நுட்பங்கள் ஏராளம். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியும்கூடத் தலா ஒரு சதுரம் பெறுகின்றன. ஆனால் குறியின் மை அந்தச் சதுரத்தில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். எந்தக் குறிக்கு அடுத்து எது வந்தால் எவ்வளவு நெருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணையே உண்டு. அதன் பெயர் மோஜிகுமி. முற்றுப்புள்ளியும் மூடும் அடைப்பும் வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது, திறக்கும் அடைப்பு வரியின் இறுதியில் தொங்கக்கூடாது என்ற விலக்குகளின் தொகுப்பு கின்சோகு. விலக்கப்பட்ட குறி வரித் தொடக்கத்துக்கு வந்துவிட்டால், முந்தைய வரியை நெருக்கி உள்ளே இழுப்பதா, ஓர் எழுத்தைத் துணைக்குச் சேர்த்து அடுத்த வரிக்குத் தள்ளுவதா, ஓரத்துக்கு வெளியே தொங்கவிடுவதா என்ற தேர்வும் வடிவமைப்பாளரிடம் இருக்கிறது.

உச்சரிப்பைக் காட்டும் பொடி எழுத்துக்கு ரூபி என்று பெயர். பொதுவாக அது மூல எழுத்தில் பாதி அளவு. செங்குத்து வரியில் வலப்பக்கமும் படுக்கை வரியில் தலைக்கு மேலும் வரும். ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல ஜப்பானியர் எழுத்தைச் சாய்க்கும் வழக்கம் மரபில் இல்லை. ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் ஒரு புள்ளி வைப்பார்கள். இது கென்டென். செங்குத்து வரிக்குள் இரண்டு இலக்க எண்ணைப் படுக்கையாக நிறுத்தும் வசதி தாதே-சூ-யோகோ. மென்பொருள் இந்த வேலைகளுக்குப் புதுப் பெயர் சூட்டவில்லை. அச்சகத்தில் புழங்கிய பெயர்களையே மெனுவில் ஏற்றிக்கொண்டது.

அது தற்செயல் இல்லை. ஜப்பான் தன் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தேசியத் தரத்தை 1978இலேயே வகுத்தது. பின்னர் ஜிஸ் எக்ஸ் 0208 என்று பெயர் பெற்ற அந்தத் தரத்தின் 1990ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,879 எழுத்துகளும் குறிகளும் இருந்தன. அதோடு நிற்கவில்லை. எழுத்துகளைப் பக்கத்தில் எப்படி அடுக்குவது என்பதற்கே தனியாக ஒரு தரம், ஜிஸ் எக்ஸ் 4051, 1993இல் வந்து 1995இலும் 2004இலும் திருத்தப்பட்டது. மென்பொருள் எழுதுபவருக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியைப் படித்து நிரலாக்கினால் போதும்.

256 இடங்களுக்குள் கன்னடம்

இனி பெங்களூருவுக்கு வருவோம். ஜப்பானியத்தின் பிரச்சினை எண்ணிக்கை. கன்னடத்தின் பிரச்சினை உறவு. கன்னடத்தில் மெய்கள் 34தான். ஆனால் எந்த மெய்யின் கீழும் எந்த மெய்யும் 'ஒத்து' என்ற சிறு வடிவமாக அமரலாம். இரண்டிரண்டாகச் சேர்த்தாலே கணக்குப்படி 1,156 கூட்டுகள். எல்லாம் வழக்கில் இல்லை என்றாலும், எது வரும் எது வராது என்று முன்கூட்டியே வேலி போட முடியாது. ஆங்கிலச் சொற்களும் ஊர்ப்பெயர்களும் புதிய கூட்டுகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்கின்றன.

கணினியில் பக்கம் அமைக்கத் தொடங்கிய டிடிபி காலத்துக் கன்னட ஃபான்ட்கள் இந்தக் கூட்டுகளை முழு உருவங்களாக வைத்துக்கொள்ள முயலவில்லை. எழுத்தை உதிரிப் பாகங்களாகக் கழற்றின. கன்னட எழுத்துகளில் பெரும்பாலானவற்றின் தலையில் 'தலைக்கட்டு' என்ற ஒரு சிறு கீற்று இருக்கும். இகரக் குறி சேரும்போது அந்தக் கீற்று மறைந்து சுழி வந்துவிடும். ஆகவே தலைக்கட்டு இல்லாத உடல் ஓர் இடத்தில், தலைக்கட்டு வேறோர் இடத்தில், ஒத்துகள் தனித்தனி இடங்களில். அவற்றை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் ஒளித்து வைத்தார்கள். பேஜ்மேக்கர் தான் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியைத்தான் அடுக்குவதாக நம்பிக்கொண்டிருக்க, திரையில் கன்னடம் தெரிந்தது.

இந்தக் கட்டத்தில் கன்னடத்துக்கு வாய்த்த பெரிய துணை கே.பி. ராவ். மோனோடைப் நிறுவனத்தில் பணியாற்றி, அச்செழுத்துத் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர். தட்டச்சு செய்பவர் எழுத்தின் பாகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஒலிக்கும் வரிசையில் தட்டினால் போதும், பாகங்களைக் கோப்பது நிரலின் வேலை என்பது அவர் வகுத்த விசைப்பலகையின் அடிப்படை. கர்நாடக அரசு அதையே தரமாக ஏற்றது. பெங்களூருவின் கன்னட கணக பரிஷத்து உருவாக்கிய 'நுடி' மென்பொருளும் அந்த விசை அமைப்பைக் கையாண்டது. 1998இல் சேஷாத்ரிவாசு சந்திரசேகரன் வெளியிட்ட 'பரஹ' கன்னடத் தட்டச்சை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டு சேர்த்தது.

ஆனாலும் கோப்பில் சேமிக்கப்பட்டவை பாகங்களின் எண்கள்தாம். அவென்யூ ரோட்டிலோ சிக்பேட்டையிலோ கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடைக்கு அது போதும். தாளில் சரியாக வந்தால் வேலை முடிந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்கோ நாளிதழ்க் காப்பகத்துக்கோ அது பெரும் இழப்பு. ஃபான்ட்டை மாற்றினால் கவிதை ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஒரு சொல்லைத் தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. தமிழ்நாட்டிலும் இதே நிலைதான்: ஒவ்வொரு நிறுவனத்தின் ஃபான்ட்டுக்கும் ஒரு குறியீட்டு முறை. அதை ஒழுங்குபடுத்தவே 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது.

ஒலியின் வரிசை, உருவின் வரிசை

விடை இரண்டு படிகளில் வந்தது. முதல் படி யூனிகோடு. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் கன்னடத்துக்கும் தலா 128 இடங்கள் கொண்ட தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. அங்கே உதிரிப் பாகங்களுக்கு இடமில்லை. மொழியின் எழுத்துகள் மட்டும், ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படும்.

இரண்டாம் படி ஓப்பன்டைப். மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் சேர்ந்து 1996இல் அறிவித்த இந்த ஃபான்ட் வடிவத்துக்குள் உருவங்களோடு விதிகளும் இருக்கும். இந்தக் குறியீடு இதன் பின்னால் வந்தால் இந்த உருவத்தை எடு, அதை இந்த இடத்தில் பொருத்து என்று ஃபான்ட்டே சொல்லும். அந்த விதிகளை வாசித்து, எழுத்துகளை அசைகளாகப் பிரித்து, முன்பின் மாற்றி அடுக்கும் நிரலுக்கு வடிவமைப்பு எந்திரம் என்று பெயர். இன்று குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரெ ஆபீஸிலும் இயங்கும் ஹார்ஃப்பஸ் அப்படிப்பட்ட ஒன்று.

இதன் வேலையைக் கன்னட 'அர்த்த'வில் நெருங்கிப் பார்க்கலாம். அ, ர, விராமம், த என்ற வரிசையில் தட்டுகிறோம். இங்கே 'த' என்பது வர்க்கத்தின் இரண்டாம் எழுத்து. மெய்யாகிய 'ர்' முன்னால் ஒலிக்கிறது. ஆனால் எழுத்தில் அது 'த'வைத் தாண்டி வலப்பக்கம் போய், 'அர்க்காவத்து' என்ற தனி வடிவத்தில் நிற்கிறது. எந்திரம் அசையின் தொடக்கத்தில் 'ர்' இருப்பதைக் கண்டுபிடித்து, அதை அசையின் முடிவுக்கு நகர்த்துகிறது. தமிழில் 'கொ' இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது: 'க'வுக்குப் பின் ஒலிக்கும் ஒகரத்தின் ஒரு பாதி கொம்பாக முன்னால் வருகிறது, மறு பாதி காலாகப் பின்னால் நிற்கிறது.

வேறுபாட்டை எண்களிலேயே காணலாம். 2014இல் அடோபியும் கூகுளும் சேர்ந்து சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகளுக்காக வெளியிட்ட சோர்ஸ் ஹான் சான்ஸ் ஃபான்ட்டில் 65,535 உருவங்கள். ஓப்பன்டைப் அனுமதிக்கும் உச்ச வரம்பே அதுதான். அங்கே அறிவு உருவங்களின் பட்டியலில் இருக்கிறது. கன்னட ஃபான்ட்டில் உருவங்கள் அதில் சிறு பங்கு. அங்கே அறிவு விதிகளில் இருக்கிறது.

விண்டோஸ் 2000இல் தமிழுக்கு லதா ஃபான்ட்டும், 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் கன்னடத்துக்குத் துங்கா ஃபான்ட்டும் கிடைத்தன. பக்க வடிவமைப்பு மென்பொருளோ பின்தங்கியது. பேஜ்மேக்கர் 2001இன் ஏழாம் பதிப்போடு யூனிகோடு அறியாமலே ஓய்ந்தது. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு 2012இன் சிஎஸ்6 பதிப்பில்தான் வந்தது. அதிலும் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான கம்போசரில் விட்டுவிட்டால் கொம்பு இடம் மாறும், ஒத்து மேலே ஏறிவிடும். யூனிகோடு தங்களுக்குச் சரிப்படாது என்று இன்றும் சொல்லும் அச்சகங்களில் பலவற்றின் முதல் அனுபவம் இதுவாகத்தான் இருக்கும்.

வரி எங்கே ஒடியும்?

எழுத்து சரியாக உருவாவதோடு பக்கம் முடிவதில்லை. வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே உடைப்பது? தமிழில் 'பத்து' என்ற சொல்லை 'பத்' என்று நிறுத்தி 'து'வை அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். 'ப'வில் நிறுத்தினால் அடுத்த வரி 'த்' என்ற ஒற்றில் தொடங்கும். அதை நல்ல அச்சுக்கோப்பாளர் விடமாட்டார். இதே எண்ணுக்குக் கன்னடத்தில் 'ஹத்து'. அங்கே 'த்து' என்பது ஒரு 'த', அதன் கீழே ஓர் ஒத்து. பிரிக்க முடியாத ஒரே அடுக்கு. எனவே 'ஹ'வில்தான் உடைக்க வேண்டும். ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்கள், எழுத்துமுறை வேறானதால் இரண்டு வேறு இடங்களில் ஒடிகின்றன.

ஜப்பானியரின் கின்சோகுவுக்கு இணையான விலக்கு நம்மிடமும் இருந்திருக்கிறது. ஈய அச்சுக் கோத்தவர்களின் பழக்கத்தில் இருந்தது. இதைக் கணினிக்கு ஏற்ற முறையில் எழுதித் தந்தவர்களில் முக்கியமானவர் கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல். தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அவர் வகுத்த சொல் உடைப்பு விதிகள் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளோடு வழங்கப்படுகின்றன. நாளிதழின் ஒடுக்கமான பத்தியில் இந்த விதி இல்லாவிட்டால், ஒரு நீண்ட தமிழ்ச் சொல் முழுதாக அடுத்த வரிக்குத் தாவி, முந்தைய வரியின் சொற்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்டிவிடும்.

இரண்டு வரிகளுக்கு நடுவே

ரோமன் எழுத்துக்கு 10 புள்ளி அளவு என்றால் வரிக்கு 12 புள்ளி என்று மென்பொருள் தானே வைத்துக்கொள்கிறது. கன்னடத்துக்கு இது பற்றாது. மேல் வரியின் 'ஸ்த்ரீ'யிலிருந்து தொங்கும் ஒத்துகளும், கீழ் வரியின் இகரச் சுழியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்காக அமைத்த ஒரு விளம்பரத்தில் கன்னட வாசகத்தை அப்படியே ஒட்டும்போது இந்த மோதல் நடக்கிறது. வரிகளை விலக்க மனமில்லாமல் எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள். நெருக்கம் தீர்கிறது, படிக்கும் கண்ணுக்குத் தண்டனை கிடைக்கிறது. ஜப்பானிய நூல்களில் வரிகளுக்கு இடையே அரை எழுத்திலிருந்து ஓர் எழுத்து வரையிலான இடைவெளி இயல்பு என்று ஜப்பானியர் தங்கள் எழுத்தமைப்புக்கான ஆவணத்திலேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்த எந்த நாட்டு வடிவமைப்பாளரும் ஜப்பானிய வரியை நெருக்கமாட்டார்.

எழுத்துகளைச் சற்று விலக்கி அமைப்பதிலும் இதே கதை. ஜப்பானியச் சதுரங்களை எவ்வளவு விலக்கினாலும் பழுதில்லை. தமிழில் மென்பொருள் அசையை அறியாவிட்டால் 'கொ'வின் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் போய்விடும். கன்னட ஒத்து தன் தாய் எழுத்தைப் பிரிந்து பக்கத்து எழுத்தின் கீழ் ஒதுங்கும். பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரத்தில் முதல் குறியீட்டை மட்டும் பெரிதாக்கினால் அசை சிதையும்.

அழுத்தம் தருவதற்கு என்ன செய்கிறோம் என்பதையும் யோசிக்கலாம். ஆங்கிலத்தின் சாய்வெழுத்து கையெழுத்து மரபிலிருந்து தனி வடிவமாக வளர்ந்தது. தமிழில் அந்தப் பொத்தானை அழுத்தினால் நேரெழுத்தை எந்திரம் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். வட்டங்கள் நசுங்கி, கோடுகளின் கனம் கெடுகிறது. ஜப்பானியருக்குப் புள்ளி இருக்கிறது. நமக்குத் தடித்த எழுத்தும் மேற்கோள் குறியும் இருக்கின்றன. வேறு என்ன வேண்டும் என்று நாம் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை.

எழுதி வைக்க வேண்டிய அறிவு

ஜப்பானியத்தின் வெற்றிக்குச் சந்தையின் வலிமை ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் பணம் மட்டும் இருந்து விதி எழுதப்படாமல் இருந்திருந்தால், எதை நிரலாக்குவது என்று எந்தப் பொறியாளருக்கும் தெரிந்திருக்காது. 2009இல் உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, ஜப்பானிய எழுத்தமைப்பின் தேவைகளை ஆங்கிலத்தில் ஓர் ஆவணமாக வெளியிட்டது. ஜிஸ் எக்ஸ் 4051 என்ற அடித்தளம் இருந்ததால் அது எளிதாயிற்று. பின்னர் இந்திய மொழிகளுக்கும் அப்படி ஒரு வரைவு தொடங்கியது. அதற்கு அடியில் வைக்க நம்மிடம் அத்தகைய தேசியத் தரம் இல்லை.

இந்தியாவுக்குத் தரம் வகுக்கத் தெரியாமல் இல்லை. குறியீட்டுக்காக 1991இல் இஸ்கி தரத்தை வகுத்தோம். யூனிகோடின் இந்தியத் தொகுதிகள் அந்த முயற்சியின் முந்தைய வடிவத்தின் மேல்தான் எழுந்தன. 1978இல் தமிழ்நாடு அரசு ணை, லை போன்ற எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியபோது அச்சகங்கள் ஏற்று நடந்தன. எழுத்துக்கு எண் கொடுத்தோம், உருவம் திருத்தினோம். பக்கத்தில் அமரும் முறையை மட்டும் எழுதாமல் விட்டோம்.

எழுத வேண்டியவை தெளிவானவை. சொல் எங்கே உடையலாம், எங்கே கூடாது; ஒத்துள்ள எழுத்துக்கு வரி இடைவெளி குறைந்தது எவ்வளவு; விலக்கும்போதும் பெரிதாக்கும்போதும் அசை சிதையாமல் இருக்க எது ஓர் அலகு; ஒரே வரியில் ஆங்கிலமும் கன்னடமும் சேரும்போது இரண்டின் அளவும் எப்படிப் பொருந்த வேண்டும்; அழுத்தத்துக்கு எந்த வழி. இவற்றை அறிந்தவர்கள் ஈயக் கட்டையைக் கையில் பிடித்துக் கோத்த தலைமுறையினர்; அவர்களுக்கு வயதாகி வருகிறது. அவர்களுடைய கை அறிந்ததைக் கேட்டு எழுதுவதும், பழைய நூல்களின் பக்கங்களை அளந்து விதியைக் கண்டெடுப்பதும் இன்றைக்குச் செய்யக்கூடிய ஆராய்ச்சிகள்.

இதற்குப் பெங்களூருவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கன்னட அச்சுத் தொழிலின் மையம் அது; உலகுக்கு மென்பொருள் எழுதும் பொறியாளர்கள் வாழும் ஊரும் அதுதான்; கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் படிக்கப்படும் இடமும் அதுவே. அச்சுக்கோத்தவரும் பொறியாளரும் ஒரு மேசையில் உட்கார்ந்து விதிகளை எழுதிவிட்டால், அடுத்து வரும் எந்த மென்பொருளும், அது எந்த நாட்டில் பிறந்தாலும், 'ஸ்த்ரீ'யையும் 'கொ'வையும் முதல் நாளிலேயே சரியாக அடுக்கும்.